கலப்பில்லாத கூலன்ட்

தமிழன் தூய்மையால் உயர்ந்தான். கலந்த நாளில்தான் தாழ்ந்தான். கனடாவில், மார்க்கம் வீட்டு கராஜ் வாசலில் நின்று தில்லையம்பலம் அருளிய இந்த மாபெரும் உண்மை, எஞ்சின் கொதிக்காமலிருக்க ஊற்றும் கூலன்ட் பற்றியது.

குளிர் தொடங்குமுன் வாங்கி வந்த கலனில் அரைக்கு அரை தண்ணீர் கலக்கும்படி எழுதியிருந்தது. மனைவி மங்கையற்கரசி வாசித்தும் காட்டினாள்.

"இஞ்சேருங்கோ, தண்ணி விடச் சொல்லிக் கிடக்கு."

"கலக்கிறது உம்மட மகளின்ர வேலை. என்ர காருக்கு அசல்தான்."

மகள் அட்சயா, அன்ட்ரூ என்ற, சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையனைக் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தாள். அசல் கூலன்ட், தண்ணீர் கலந்ததைவிடச் சீக்கிரம் உறையும் என்பது தில்லையம்பலத்துக்குத் தெரியாது. தெரியாதவற்றை அவர் யாரிடமும் கேட்பதில்லை, விளக்குவார்.

கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று சபதம் செய்தவர், கலியாணத்தன்று காலையில் மனம் மாறினார். வோபர்ன் தேவாலயத்தில், குருவானவருக்கு முன்னால் எழும்பி நின்று அதை நிறுத்துவதென்று முடிவெடுத்தார். பேச வேண்டியதை, தேத்தண்ணிக்கு மேல் தேத்தண்ணியாகக் குடித்தபடி, கண்ணாடிக்கு முன் ஒத்திகையும் பார்த்தார். வெளியே சைபருக்குக் கீழே இருபத்தெட்டு.

இரவெல்லாம் வெளியில் நின்ற கார், மார்க்கம் ரோட்டில் பாதி வழியில் செத்தது. கூழாகிப்போன கூலன்ட் ஓட மறுக்க, அந்தக் குளிருக்கு நடுவிலும் எஞ்சின் கொதித்துப் புகைந்தது. ஹீட்டரும் நின்றது. மனைவிக்குக் கோல் எடுத்தார்.

"நான் சேர்ச்சில நிக்கிறன்," என்றாள் மங்கையற்கரசி. "பஸ்ஸில வாங்கோ. எல்லா ஆக்களும் கலந்துதான் இருப்பினம், பாத்து ஏறுங்கோ."

வைத்துவிட்டாள். இழுவை வண்டிக்காரர் பின்னேரமாகும் என்றார்.

நெடுநேரம் கழித்து ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய் கிளடிஸ், பின்சீற் நிறைய விருந்துக்கான ரோல்ஸ் தட்டுகளுடன்.

"ஏறுங்கோ அண்ணை. நீங்கள் விறைச்சுச் செத்தால் கலியாணமெல்லோ நிண்டுபோடும்."

அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆனாலும் ஏறினார். சீற் சூடாக இருந்தது. உடம்பு மெல்ல இளக, பேச்சை மனத்துக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.

தேவாலய வாசலில் கிளடிஸ் கதவைத் திறந்துவிட்டாள்.

"கெதியா இறங்குங்கோ சம்பந்தி, தாலி கட்டப் போகினம்."

"நான் இதிலயே இருக்கிறன்."

"உவ்வளவு தூரம் வந்திட்டு?"

"இருக்கிறன் எண்டு சொன்னனெல்லே!"

உள்ளே மணி அடித்தது, பாட்டு எழும்பியது. தில்லையம்பலம் கோட்டை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார்.

சம்பந்தியின் சீற்றில் அவர் மூத்திரம் பெய்திருந்தார்.