சோளகத்துக்குப் பூட்டிய பல்லுச்சில்லு

"பிடிச்சுக்கொண்டிரும். பாலம் வருது," என்றான் வின்சன்ற், திரும்பிப் பாராமலே.

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் உழக்குங்கோ."

காரியரில் தலையணையொன்றைக் கட்டி, அதன்மேல் ஒருபக்கமாக இருந்தாள் அவன் மனைவி ஜசிந்தா. பழைய நூல்சேலை ஒன்று அவளையும் அவனையும் சேர்த்துச் சுற்றி, அவன் வயிற்றில் முடிந்திருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, விருப்பமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று காலையில்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். பார்த்து அன்றைக்கென்று ஹர்த்தால். பஸ்ஸும் இல்லை, வானும் இல்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றான் வின்சன்ற். அவள் கேட்கவில்லை.

"என்ர வீட்டிலதான் நான் கண்ணை மூடவேணும். எங்கட சைக்கிள் நிக்குதுதானே?"

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. சென்றியில் நின்ற சிப்பாய் ஜசிந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, போகச்சொல்லிக் கையைக் காட்டினான்.

"இழும்," என்றான் வின்சன்ற்.

சீற்றுக்குக் கீழே இருந்த லீவரை அவள் இழுத்தாள். செயின் கடகடவென்று பெரிய பல்லுக்கு ஏறியது. பெடல் இளகிவிட்டது. நடக்கிறவனைவிடக் கொஞ்சம் விரைவு, அவ்வளவுதான். ஆனாலும் சைக்கிள் காற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அது வளைந்த ஹாண்டிலோடு யாழ்ப்பாணத்தில் பழசாக வாங்கிய ரேசிங் சைக்கிள். வெறும் ஆளாக ஓடினால் பறக்கும். ஆளொன்றை ஏற்றிக்கொண்டு ஆடி மாதத்தில் தீவுப்பக்கம் திரும்பினால் நகராது. ஜசிந்தாவுக்கு வருத்தம் கண்டு, ஆஸ்பத்திரிக்கும் தீவிலிருக்கும் தங்கள் ஊரான நாரந்தனைக்குமாக அலையத் தொடங்கிய புதிதில், பாலம் முழுக்க அவளை இருத்தி உருட்டிக்கொண்டே நடந்திருக்கிறான். பிறகுதான் பாரிசிலிருக்கும் அவளுடைய தம்பிக்கு எழுதினான். மலை ஏறும் சைக்கிளின் பின்பக்கப் பல்லுச்சில்லும், செயினைத் தள்ளுகிற கையும் அங்கிருந்து வந்த ஒருவருடன் வந்து சேர்ந்தன.

வின்சன்றின் தம்பி சில்வெஸ்ரர் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மலைக்குரிய சாமானோ? அண்ணை, நாரந்தனையில நல்லதொரு புத்துக்கூட இல்லை. எங்கை ஏறப்போறியள்?"

"நீ ஆடியில பின்னேரம் பாலத்தால ஒருக்கா வந்து பார். மலை எதிர நிண்டு ஊதும்."

இரண்டு சாதிச் சாமான்கள் இலேசில் ஒத்துப்போகவில்லை. செயின் எட்டவில்லை, வேறு செயினில் கண்ணி கழற்றிப் பொருத்தினான். லீவர்க் கம்பியும் எட்டவில்லை. புதுக்கம்பி எங்கே எடுப்பது? முன்தண்டில் இருந்த லீவரைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சீற்றுக்குக் கீழே பூட்டினான். தேய்ந்த லீவர். இழுத்த இடத்தில் நில்லாது. விட்டால் செயின் சின்னப் பல்லுக்கு ஓடிவிடும், பெடல் கல்லாகிவிடும். ஆகவே பின்னால் இருக்கிறவள்தான் பிடித்திருக்கவேண்டும். "இழும்" என்றால் இழுப்பாள். "விடும்" என்றால் விடுவாள். கொஞ்ச நாளில் அவன் சொல்லவும் தேவைப்படவில்லை. அவன் முதுகு குனிகிறதைக் கண்டு அவளாகவே இழுத்தாள்.

ஒருமுறை தோலில் வட்டமாக வைசர் ஒன்றை வெட்டி, லீவரின் ஆணிக்குக் கீழே வைத்து இறுக்கினான். லீவர் சொன்ன இடத்தில் நின்றது. அன்றைக்குப் பாலம் முழுக்க ஜசிந்தா வாய் திறக்கவில்லை. மண்கும்பானில்தான் சொன்னாள்:

"அப்ப நான் இனி வெறும் மூட்டைதான்."

அடுத்தநாள் விடிய வின்சன்ற் வைசரைக் கழற்றிவிட்டான். அது தேய்ந்துபோயிற்று என்றான். ஒரு நாளில் தோல் எப்படித் தேயும் என்று அவள் கேட்கவில்லை.

அல்லைப்பிட்டி தாண்டியதும் மணல் பறந்தது.

"நோகுதோ?"

"இல்லை. எமிலியக்கா கோழியளுக்குத் தீன் போட்டிருப்பாவோ?"

"போட்டிருப்பா."

"எங்கை... மறந்திருப்பா."

மண்கும்பான் கடல் இடக்கைப்பக்கம் வெளித்தது. தோட்டவேலிகளுக்கு மேலால் காற்று இரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் செயின் இறங்கியது. ஒரு பல்லு, அடுத்த பல்லு, பிறகு ஒரேயடியாக. பெடல் காலுக்கடியில் கல்லாகியது.

"ஜசிந்தா, இழும்."

காற்று.

"இழும் எண்டெல்லே சொல்லுறன்."

முதுகில் சாய்ந்திருந்த தலை பாரமாயிற்று. சேலை அவன் வயிற்றை இறுக்கியது. வின்சன்ற் நிறுத்தவில்லை. பின்னால் திரும்பியும் பார்க்கவில்லை. இடக்கையால் ஹாண்டிலைப் பிடித்தபடி வலக்கையைச் சீற்றுக்குக் கீழே விட்டுத் துழாவினான். அவளுடைய விரல்கள் லீவரில்தான் கிடந்தன. அவற்றின்மேல் தன் விரல்களை மூடி, சேர்த்து இழுத்தான். செயின் ஏறியது.

வேலணையில் தெரிந்தவர் ஒருவர் படலையில் நின்று, "மனிசிக்கு எப்பிடி, வின்சன்ற்?" என்று கேட்டார்.

"வீட்டை கொண்டுபோறன்," என்றான்.

வீட்டு முற்றத்தில் எமிலியும் சில்வெஸ்ரரும் ஓடிவந்து அவளை இறக்கினார்கள். எமிலி ஜசிந்தாவின் தமக்கை. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"எங்கை வைச்சடா தம்பி சீவன் போனது? வழியிலயோ?"

"இல்லை அக்கா," என்றான் வின்சன்ற். "படலைக்குள்ள வந்தாப்பிறகுதான். வீட்டை வந்திட்டம் எண்டு சொன்னனான். அவவுக்குக் கேட்டது."

எமிலி அழுதபடியே தங்கையின் கையை எடுத்தாள். விரல்கள் குளிர்ந்துபோய், எதையோ பிடித்த வாக்கில் மடங்கியிருந்தன. அவள் வின்சன்றை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, வேறொன்றும் கேட்காமல் அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினாள்.

பொழுது சாய முதல் பெண்கள் ஜசிந்தாவைக் குளிப்பாட்டி, கூறைச்சேலை உடுத்தி, கட்டிலில் கிடத்தினார்கள். பந்தல் போட இடம் வேண்டுமென்று சில்வெஸ்ரர் சைக்கிளை மாமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனான். அங்கிருந்து கூப்பிட்டான்.

"அண்ணை, உந்த லீவர் நிக்குதில்லையே! ஒரு வைசர் போட்டால் நிக்குமெல்லே?"

வின்சன்ற் கட்டிலடியில் போய் இருந்தான். எமிலி தேங்காயெண்ணெய் தொட்டு, ஜசிந்தாவின் வலக்கை விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புகளில் கறுப்பாக ஒரு கோடு கிடந்தது.

"செபமாலை பிடிக்கிற கை. இந்தக் கிறீஸ் எவ்வளவு தேய்ச்சும் போகுதில்லை."

"விடுங்கோ அக்கா."

வின்சன்ற் எமிலியின் மடியில் கிடந்த செபமாலையை எடுத்தான். அந்தக் கோட்டை மூடாமல், மணிகளை ஜசிந்தாவின் மணிக்கட்டோடு சுற்றிவிட்டான். பிறகு எழும்பி, கோழிகளுக்குத் தீன் போட முற்றத்துக்குப் போனான்.