சின்னையா சொன்ன ஒரு வார்த்தை

என் வீட்டுக்காரர் செபாஸ்டியன் ஒரு காலத்தில் குடித்தவர்தான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கிள்ளானில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேருக்கு நான் போட்ட சண்டையில் தெரிந்திருக்கும். ஒருமுறை போதையில் சாக்கடைக்குள் விழுந்து மண்டை உடைந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அதோடு விட்டுவிட்டார். மாதா முன்னால் சத்தியம் செய்தார், என் தலையில் அடித்தும் சத்தியம் செய்தார். மாதாவுக்குப் பயந்தாரோ இல்லையோ, எனக்குப் பயந்து ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை.

அன்று காலை நான் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது சின்னையா போன் செய்தார். போர்ட் கிள்ளான் கிடங்கில் செபாஸ்டியனோடு வேலை பார்ப்பவர். அதற்கு முன்பு பாதி ஆயுசை மீன்பிடிப் படகில் கழித்தவர்.

"உர்சுலா, பதறாதம்மா. செபா நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தான், திடீர்னு தல சுத்துதுன்னு உக்காந்துட்டான். நிக்க முடியல, ஒரே வாந்தி. எமர்ஜென்சியில விட்டுட்டேன். நீ உடனே வா."

பதறாதே என்று ஒருவர் சொன்னால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்? கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அவசரமில்லாத நோயாளிகளைப் போட்டுவைக்கும் பச்சைப் பகுதியில், சுவரோரமாக ஒரு கட்டிலில் கிடந்தார். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு குழறியது.

"உர்சு... நான்... குடிக்கல."

"நீ குடிச்சேன்னு இப்ப யாருய்யா சொன்னா?" என்று கேட்டேன். அவர் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை.

நர்ஸ் மிசியிடம் ஓடினேன். மலாய்க்காரப் பெண். கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள். "ஆன்டி, குடிச்சா இப்படித்தான் இருக்கும். தூங்கி எழுந்தா சரியாயிடும்," என்று மலாயில் சொன்னாள். அவர் குடிப்பதில்லை என்றேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அப்போது தையல் போட்டதும் அங்கேதான், சாக்கடையில் விழுந்த கதை அதில் பத்திரமாக இருந்தது. குடியை விட்ட கதையை யார் எழுதி வைத்தார்கள்? "எல்லாப் பொண்டாட்டிகளும் இதையேதான் சொல்றாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நான் கத்தினேன். என் தொண்டை எப்படிப்பட்டது என்பது எங்கள் குடியிருப்பான தாமானுக்கே தெரியும், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கும் தெரிந்தது. என் புருஷனைப் பாருங்கள், ஒரு டாக்டராவது வந்து பாருங்கள் என்று கத்தினேன். டாக்டர் வரவில்லை, வாசல் காவலுக்கு நிற்கும் ஜாகா வந்தார். என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, காத்திருந்தவர்களில் ஒரு தமிழ் ஆள், "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. அதுக்குப் போயி ஏம்மா தொண்டத் தண்ணிய வத்த வைக்கிற?" என்றான். குடியை விட்டவன் பேச்சுக்கும் அதே மரியாதைதான் போலிருக்கிறது. அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

வெளியே சின்னையா நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்தேன். "அண்ணே, கவுண்டர்ல என்னதான் சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்லப் போறேன்? நிக்க முடியல, வாந்தி எடுக்கிறான்னு சொன்னேன். டியா மாபோக்னு சொன்னேன்."

மலாயில் டியா என்றால் அவன், மாபோக் என்றால் கடலில் தலைசுற்றி வாந்தி எடுப்பது. குடித்துவிட்டுத் தள்ளாடுவதும் அதே மாபோக்தான். படகில் இருந்தவருக்கு முதல் அர்த்தம். ஓர் இந்திய ஆளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்தியதைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது அர்த்தம்.

"போட்டுல நாங்கல்லாம் அப்படித்தாம்மா சொல்லுவோம்..." என்று இழுத்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் புரிந்துவிட்டது. "ஐயோ, நானே அவனக் குடிகாரன்னு எழுதிக் குடுத்துட்டேனா?"

அவரை ஓங்கி அறைந்திருப்பேன். நேரமில்லை.

வாசலில் ஜாகா மறித்தார். யாரிடமும் தாழ்ந்து போகாதவள் நான். கை இரண்டையும் கூப்பினேன். "அபாங், தோலோங்," அண்ணா, உதவுங்கள் என்று மலாயில் கெஞ்சினேன். "சத்தம் போட மாட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விலகினார். உள்ளே வேகமாக நடந்துகொண்டிருந்த ஓர் இளம் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். சட்டையில் ஹஸ்லினா என்று பேர் குத்தியிருந்தது. என் மகள் வயதுதான் இருக்கும். உதறிவிட்டுப் போயிருக்கலாம், அவளுக்கு நூறு வேலை. அவள் நின்றாள். ஒரு ஸ்டூலை இழுத்து என் எதிரில் உட்கார்ந்து, "முதல்லேருந்து சொல்லுங்க, மெதுவா," என்று மலாயில் கேட்டாள்.

அன்றைக்கு அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. சொன்னேன். குடி மாபோக் இல்லை, கடல் மாபோக். ஆனால் என் புருஷன் கடலுக்குப் போகவில்லை, கிடங்கில் இருந்தார்.

அவள் எழுந்து நேராகக் கட்டிலுக்குப் போனாள். குனிந்து அவர் வாயருகே முகத்தை வைத்து, "அங்கிள், குடிச்சீங்களா?" என்று அவரையே கேட்டாள். அவர் இல்லையென்று தலையசைத்தார். "சரி, நம்புறேன். என் விரலத் தொட்டுட்டு உங்க மூக்கத் தொடுங்க," என்றாள். அவர் கை மூக்கைத் தாண்டிக் காதுக்குப் போனது. மறுபடியும் தொடச் சொன்னாள். கன்னத்தில் இடித்தது. யாருடைய கையோ என்பதுபோல் அதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திரும்பி, கட்டிலை, உயிர் ஆபத்தில் இருப்பவர்களுக்கான சிவப்புப் பகுதிக்குத் தள்ளச் சொல்லிக் கூவினாள். இப்போது அவள் கத்தினாள், எல்லோரும் ஓடிவந்தார்கள்.

ஸ்கேன் எடுத்த பிறகு அவளே வெளியே வந்தாள். பின்மூளைக்கு ரத்தம் போகவில்லை, ஸ்ட்ரோக், மூளை வீங்கி அழுத்துகிறது. கோலாலம்பூருக்கு அனுப்பி ஆபரேஷன் செய்யவேண்டும், அதுவரை தாங்குவாரா என்று தெரியவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "வந்ததுமே பாத்திருக்கணும். எங்க தப்பு. மன்னிச்சிடுங்க."

தப்பு செய்தவள் அவள் இல்லை. மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான். "மன்னிப்பெல்லாம் வேணாம், அவர் உயிரக் குடுங்க," என்றேன். தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. முயற்சி செய்கிறோம் என்றாள்.

காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லா ஜெபத்தையும் சொன்னேன், பாதியில் வார்த்தைகள் மறந்து போயின. சின்னையா வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஹஸ்லினா தெரிந்தாள். தாமரை என்கிற தமிழ் மிசியிடம் எதையோ கேட்டாள். தாமரை சொல்லச் சொல்ல, இவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் தயாராகிவிட்டது என்று என்னிடம் தமிழில் சொல்லப் போகிறாளாக்கும் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

அவள் வந்து என்னை உட்காரவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்," என்றாள்.

மலாயில் 'அவர் இல்லை' என்று மட்டும் சொல்லியிருந்தால், கோலாலம்பூருக்குக் கொண்டுபோய்விட்டீர்களா என்று கேட்டிருப்பேன். கொஞ்ச நேரம் அதை நம்பிக்கொண்டும் இருந்திருப்பேன். அதற்கு இடம் வைக்கக்கூடாதென்றுதான் அந்தப் பெண் தமிழில் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"என்ன சொன்னீங்க?" என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் ஆன்டி என்று சொல்வாளோ என்று அவள் வாயையே பார்த்தேன்.

அவள் என் கையை விடாமல், இன்னும் மெதுவாக, ஓர் எழுத்தும் பிசகாமல் மறுபடியும் அதையே சொன்னாள்.