இரண்டு துண்டறிக்கையும் ஒரே மூன்று புள்ளியும்

இரண்டு துண்டறிக்கைகளும் ஒரே காலையில் அச்சகத்தில் அவள் மேஜைக்கு வந்தன. ஒன்று சேமிப்புச் சங்கத்தின் நிர்வாகம் கொடுத்தது, மற்றது அதை எதிர்த்துத் தேர்தலில் நிற்பவர்கள் கொடுத்தது. சங்கத்தில் போட்ட பணம் என்ன ஆயிற்று என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. அவள் தம்பி விபத்தில் விரல்களை இழந்ததற்குக் கிடைத்த நஷ்ட ஈடு முழுவதும் அங்கேதான் கிடந்தது.

இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவள். மூலத்தோடு ஒப்பிட்டு அவள் கையெழுத்துப் போடாமல் எந்தத் தாளும் இயந்திரத்தில் ஏறாது. அச்சகத்தின் வழக்கம் அது. இரு தரப்பும் மூலமாக இணைத்திருந்தது ஒரே தணிக்கை அறிக்கை, அதிலும் ஒரே வாக்கியம். 'பணம் காணாமல் போகவில்லை… திரும்பக் கிடைக்கும்' என்றது நிர்வாகம். 'பணம்… திரும்பக் கிடைக்காது' என்றது எதிரணி. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. வெட்டிய இடத்தில் மட்டும் இருவருமே ஒழுங்காக மூன்று புள்ளி வைத்திருந்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு தாளிலும் புள்ளிகளை அடித்துவிட்டு, முழு வாக்கியத்தையும் சிவப்பு மையில் எழுதினாள். கையெழுத்துப் போடவில்லை.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கூலிக்கு அச்சடிக்கிற நமக்கு ஏன் இந்த வம்பு என்றார், கெஞ்சினார், கடைசியில் குரலை இறக்கினார்.

"கையெழுத்து போடலன்னா நாளைக்கு வர வேணாம்மா."

"சரிங்க. இன்னிக்கு இருக்கேன்ல?"

தாளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். இரு தரப்பு ஆட்களும் ஒரே பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வணக்கம்கூடச் சொல்லாமல் படித்தாள்: "பணம் காணாமல் போகவில்லை, சங்கத் தலைவரின் மைத்துனர் பெயரில் வாங்கிய நிலத்தில் முடங்கியிருக்கிறது, அந்த நிலத்தை ஓராண்டுக்குள் விற்றால் திரும்பக் கிடைக்கும், விற்காவிட்டால் திரும்பக் கிடைக்காது."

நிர்வாகத்து ஆள் எழுந்து தாளைப் பிடுங்க வந்தான். நிலத்தை விற்கச் சொல்லி ஒரு வார்த்தைகூட எழுதாத எதிரணிக்காரர் தரையைப் பார்த்தார். உள்ளே இயந்திரம் நின்றது. அதை ஓட்டுகிறவர், அவரும் சங்கத்தில் பணம் போட்டவர்தான், மை படிந்த கைகளைத் துடைத்தபடி வந்து அவளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றார்.

"முதல்லேருந்து படிங்கக்கா. மெதுவா."

அவள் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவுக்கும் கேட்கும்படி மறுபடி தொடங்கினாள்.