கோவளம் வரை ஒரு சோதனை ஓட்டம்

"கேஷவ் கல்யாணத்துக்கு வர வேண்டாம்."

இன்னும் கொஞ்சம் சட்னி போடு என்று கேட்கிற அதே குரலில்தான் சுப்ரமணியன் இதைச் சொன்னார். நித்யஸ்ரீ கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம் சேலையூர் மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்ன சொன்னீங்க மாமா?"

"மதுரை வரைக்கும் வேன். சொந்தக்காரங்க எல்லாரும் இருப்பாங்க. வழியெல்லாம் கத்துவான். என் பொண்ணுக்குக் கல்யாணம், விஷ்ணுப்ரியாவாவது நிம்மதியா வரட்டுமே. பொழிச்சலூர்ல இந்த மாதிரிப் பசங்களுக்கு ஒரு ஹோம் இருக்கு. கல்யாணம் முடியற வரைக்கும் பார்த்துப்பாங்களாம். விசாரிச்சுட்டேன்."

விசாரித்துவிட்டாராம்!

நித்யஸ்ரீ ஹாலைப் பார்த்தாள். கேஷவ் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் அவனுக்குப் பிடிக்கும். எட்டு வயது. பேச்சு வரவில்லை. தன்னை எங்கே கொண்டு போய் விடப்போகிறார்கள் என்று இங்கே தீர்மானமாகிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது.

அவன் அப்பா ஷ்யாம்சுந்தருக்குத் தெரியும். ஆனால் அவன் செல்போனை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"அவன் டிஸ்க் ஓடிட்டிருந்தா கத்த மாட்டான். உங்களுக்கே தெரியும்."

"அந்த டிவிடி பிளேயர்தான் செத்துப்போச்சே."

"புதுசு வாங்கறேன்."

சுப்ரமணியன் கை கழுவிவிட்டு வந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு நிபந்தனை வைக்காமல் அவருக்குக் கையெழுத்து வராது.

"வாங்கு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் கார்ல கோவளம் போவோம். அங்க போய்ச் சேர்ற வரைக்கும் கத்தாம வந்தா கல்யாணத்துக்கு வரட்டும். கத்தினா ஹோம். அப்புறம் பேச்சு கிடையாது."

"ஃபேர்தானே நித்யா?" என்றான் ஷ்யாம். அப்போதுதான் வாய் திறந்தான்.

"ஃபேரா? எட்டு வயசுப் பையனுக்கு ஆர்.டி.ஓ. டெஸ்ட் வைக்கறார் உங்கப்பா. எட்டு போடச் சொல்லலையா?"

ஷ்யாம் மறுபடி செல்போனுக்குத் திரும்பினான்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவ் போட்டுவிட்டு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் இறங்கினாள். டிவிடி என்று கேட்டதுமே முதல் இரண்டு கடைகளில் சிரித்தார்கள். மூன்றாவது கடை மாடியில் இருந்தது. லாசரஸ் என்கிறவர் சிரிக்காமல், அறிவுரை மட்டும் சொன்னார்.

"இந்தக் காலத்துல டிவிடியா மேடம்? டேப்லெட் எடுத்துக்கங்க. பசங்களுக்கு எல்லாம் வரும்."

"எல்லாம் வரும். அதுதான் பிரச்சினை."

பாதியில் விளம்பரம் வரும், யாராவது அழைப்பார்கள், படம் நிற்கும். கேஷவுக்கு அது தாங்காது. போனைத் தூக்கி வீசுவான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு டிஸ்க். அவனுடைய முதல் பிறந்தநாளுக்குக் காலனி ஸ்டூடியோக்காரர் எடுத்துக் கொடுத்தது. மூடி 'க்ளிக்' என்று மூட வேண்டும். டிஸ்க் சுற்றுகிற சத்தம் வர வேண்டும். இதயங்கள் பறந்து வந்து பெயராக வேண்டும். தாத்தா மடியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட வேண்டும். தினமும் அதே வரிசையில், அதே இடத்தில். அது ஓடும்வரை உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்புவான்.

லாசரஸ் முதல் பிளேயரை எடுத்து வைத்தார். "நிறுத்தின இடத்துலேருந்தே மறுபடியும் ஓடும் மேடம். நல்ல வசதி."

"வேண்டாம். ஆரம்பத்துலேருந்துதான் ஓடணும்."

இரண்டாவதில் தன் டிஸ்கைப் போட்டு, ஓடும்போதே தூக்கிக் குலுக்கினாள். படம் துண்டு துண்டாக நின்றது.

"ஐயோ, ஏன் மேடம் குலுக்கறீங்க?"

"செம்பாக்கம் தாண்டினதும் ரோடு இதைவிட மோசமாக் குலுக்கும்."

மூன்றாவது தாங்கியது. மூடி 'க்ளிக்' என்றது.

"சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கும்?"

"பெட்டியில அஞ்சு மணி நேரம்னு போட்டிருக்கான்."

"நீங்க சொல்லுங்க."

"ரெண்டு, ரெண்டரை."

"இப்பத்தான் உண்மையைப் பேசறீங்க. கார் சார்ஜர் இருக்கா?"

இருந்தது. முழு டிஸ்கையும் நின்றுகொண்டே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டச் சொன்னாள். அன்று மாலை கேஷவ் ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு வந்து பிளேயர் முன்னால் உட்கார்ந்தான். டெஸ்ட் என்ன டெஸ்ட், ஜெயித்தாயிற்று என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கார் டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மாமியார் அபிதகுஜாம்பாள் பூஜை அறையிலிருந்து பிளேயரோடு வந்தாள். மூடியின் மேல் சந்தனம், குங்குமம். கற்பூர வாசனை வேறு.

"புது சாமான். சாமிகிட்ட வெச்சு எடுக்காம எப்படிக் கிளம்பறது? நம்ம குழந்தை பாஸாகணும்னு வேண்டிக்கிட்டேன்."

"தேங்க்ஸ் அத்தை," என்றாள் நித்யஸ்ரீ.

ஷ்யாம் ஓட்டினான். பக்கத்தில் சுப்ரமணியன், நீதிபதி மாதிரி நிமிர்ந்து. பின்னால் மாமியார், நித்யஸ்ரீ, ஜன்னலோரம் கேஷவ். சந்தோஷபுரம் வரை கேஷவ் ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை வைத்து எஞ்சின் அதிர்வைக் கேட்டுக்கொண்டே வந்தான். மேடவாக்கத்தில் நெரிசல். முன்னால் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கேஷவ் காதுகளைப் பொத்தினான்.

அவள் டிஸ்கைப் போட்டாள். க்ளிக்.

'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். திரையில் நீலம். ஓர் ஓரத்தில் 'நோ டிஸ்க்'.

எடுத்துத் துடைத்துப் போட்டாள். நோ டிஸ்க். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். நோ டிஸ்க்.

கேஷவ் கத்த ஆரம்பித்தான்.

அது அழுகை அல்ல. நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வருகிற ஒரே சுருதி. தலையைக் கண்ணாடியில் மோதினான். அவள் நடுவே கையைக் கொடுத்தாள், கை வலித்தது. பதற்றத்தில் தன் போனில் அவன் வீடியோவைத் தேடிக் கொடுத்தாள். வாங்கி ஒரே வீச்சு. போன் டாஷ்போர்டில் மோதிக் கறுப்பாகிக் கீழே விழுந்தது.

"முடிஞ்சுது," என்றார் சுப்ரமணியன். "ஷ்யாம், வண்டியைத் திருப்பு."

திருப்ப வழியில்லை. அதற்குள் யாரோ பானட்டைத் தட்டினார்கள். லாரி டிரைவர் இறங்கி வந்திருந்தான். லுங்கியை மடித்துக் கட்டிய பெரிய உருவம். பின்னால் ஹெல்மெட்டோடு நாலைந்து பைக்காரர்கள்.

"இன்னா சார், புள்ள இந்தக் கத்து கத்துது? யாரு புள்ள இது?"

சுப்ரமணியன் கண்ணாடியை இறக்கினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எங்க பையன் இல்லப்பா. தெரிஞ்சவங்க பையன்."

அவர் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய வாய் போல, வழுக்கிக்கொண்டு வந்தது.

நித்யஸ்ரீக்கு ஒரு கணம் கேஷவின் அலறல்கூடக் கேட்கவில்லை.

"தெரிஞ்சவங்க புள்ளையா?" டிரைவரின் முகம் மாறியது. "அப்ப இன்னாத்துக்கு இப்டிக் கத்துது? மச்சான், சாவிய புடுங்கு!"

ஒரு கை ஜன்னல் வழியாக நுழைந்து சாவியை உருவியது. ஷ்யாமின் போனும் போயிற்று.

"யோவ், என் பையன்யா!" என்றான் ஷ்யாம். "போனைக் குடுங்க, போட்டோ காட்டறேன்!"

"குடுத்தா, நீ உன் ஆளுங்களுக்குப் போன் போட்ருவ. உக்காருடா!"

நித்யஸ்ரீ முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினாள். "நான் அவன் அம்மா. தள்ளி நில்லுங்க முதல்ல. கூட்டம் போட்டா இன்னும் கத்துவான்."

"பெர்சு இல்லன்றாரு, நீ ஆமான்ற. இன்னா கதை வுட்றீங்க? தம்பி, இவங்க யாரு? அம்மான்னு கூப்புடு, பாப்போம்."

"அவனுக்குப் பேச வராது."

"நல்லாக் கீது! பேசாத புள்ளையாப் பாத்துத் தூக்கினு போறீங்களா?"

யாரோ போலீசுக்குப் போன் போடச் சொன்னார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள். மாமியார் அழுதாள். "என் பேரன்யா, சத்தியமா என் பேரன்!"

"லோகண்ணா, பெர்சு போனைக் காட்டச் சொல்லு," என்றான் ஒரு பைக்காரன். "பேரன்னா ஒரு போட்டோகூடவா இருக்காது?"

"ஆமா, எடு பெர்சு," என்றான் டிரைவர் லோகு.

சுப்ரமணியன் போனில் படங்களைத் தள்ளினார். விஷ்ணுப்ரியா. மாப்பிள்ளை. கல்யாண மண்டபம். குட்மார்னிங் பூக்கள். மாப்பிள்ளையின் கார். மறுபடி பூக்கள். தள்ளிக்கொண்டே போனார். கேஷவ் எங்குமே இல்லை.

நித்யஸ்ரீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்றால் கத்துவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இது வேறு மாதிரி இருந்தது. மூளை சில்லென்று தெளிந்தது.

பிளேயரை மடியில் வைத்து, மூடியைத் திறந்து, டிஸ்கை எடுத்துவிட்டு, உள்ளே முதல்முறையாக உற்றுப் பார்த்தாள். டிஸ்க் உட்காரும் குமிழுக்குப் பக்கத்தில் பொடிக் கண்ணாடிக் கண். அந்தக் கண்ணின் நட்டநடுவில், காய்ந்துபோன சந்தனம். அதன்மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

"அத்தை! இது யார் வெச்சது?"

"கண்ணு மாதிரி இருந்துச்சேம்மா... கண்ணு திறந்து வைக்கறாப்பலன்னுதான்..."

"இருந்த கண்ணை மூடிட்டீங்க அத்தை!"

முன்சீட்டுக்குக் கையை நீட்டி மாமனாரின் சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை உருவினாள். கேட்கவில்லை. உள்ளே இருந்த மெல்லிய துணியில் வாட்டர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு. மெதுவாக, மிக மெதுவாக, ஒற்றி ஒற்றி எடுத்தாள். துணி சிவந்தது. உலர்ந்த முனையால் இன்னொரு தடவை. டிஸ்கை வைத்தாள்.

க்ளிக்.

சுற்றியது. நீலம் போயிற்று. இதயங்கள் பறந்து வந்தன.

கேஷவின் குரல் பாதியில் இறங்கியது. விம்மல் ஒன்று, இன்னொன்று. பிறகு அவள் தோளில் சாய்ந்து, ஈரக் கன்னத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டு வந்தான்.

கூட்டமும் குனிந்து பார்த்தது. திரையில் சுப்ரமணியன். வேட்டி, அங்கவஸ்திரம், வாயெல்லாம் பல். மடியில் ஒரு வயதுக் கேஷவ். "என் சிங்கக்குட்டி! தாத்தாவோட சிங்கக்குட்டி!" என்று கேசரி ஊட்டிக்கொண்டிருந்தார்.

லோகு திரையைப் பார்த்தான். முன்சீட்டைப் பார்த்தான்.

"பெர்சு, இது நீதான?"

சுப்ரமணியன் தலையசைத்தார்.

"த்தூ! சொந்தப் பேரனை இல்லன்னு சொல்ற. இப்ப நாலு பேரு உன்னப் போட்டு மிதிச்சிருந்தா இன்னா பண்ணுவ? அக்கா, மன்னிச்சுக்கோ. சாவி, போன் ரெண்டும் இந்தா."

லாரி நகர்ந்தது. ஷ்யாம் காரைத் திருப்பப் பார்த்தான்.

"திருப்பாதே," என்றாள் நித்யஸ்ரீ. "கோவளம் போ."

பெரும்பாக்கம் தாண்டியது. பிறகு சுப்ரமணியன் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. அவனும் வரட்டும் கல்யாணத்துக்கு. ரிசப்ஷன் நேரத்துல மட்டும் ரூம்லயே வெச்சுக்கோ."

"யார்கிட்டல்லாம் அவனை 'தெரிஞ்சவங்க பையன்'னு சொல்லியிருக்கீங்க மாமா?"

மாமியார்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "சம்பந்தி வீட்டுல பொண்ணு பார்க்க வந்தப்போ நீ கேஷவைக் கூட்டிட்டு மாடி ரூம்ல இருந்தே. சத்தம் கேட்டு, யாருன்னு கேட்டாங்க. மாடில குடியிருக்கறவங்க பையன்னு சொல்லிட்டார். அதுலேருந்து எல்லார்கிட்டயும் அப்படியே..."

"அப்போ வேன்ல கத்துவான்கிறது எல்லாம் சாக்கு." நித்யஸ்ரீ கண்ணாடியில் கணவனின் கண்களைப் பிடித்தாள். "உனக்குத் தெரியுமா ஷ்யாம்?"

"நித்யா, கல்யாணம் முடிஞ்சதும் நிதானமா..."

"வாயை மூடு. ரோட்டைப் பார்த்து ஓட்டு."

கோவளத்தில் மீன் விற்கிற இடத்தைத் தாண்டி, பஸ் திரும்புகிற மரத்தடியில் கார் நின்றது. கேஷவ் சத்தமே போடவில்லை.

"போன் பண்ணுங்க மாமா. சம்பந்திக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க."

"இப்பவா? நித்யா, யோசிச்சுப் பேசு. கல்யாணம் நின்னுட்டா?"

"இதுக்காக நிக்கற கல்யாணம்னா இப்பவே நிக்கட்டும். விஷ்ணுவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க பண்ணலைன்னா நான் பண்ணுவேன். நான் பேசினா இவ்வளவு மரியாதையா இருக்காது."

சுப்ரமணியன் மகனைப் பார்த்தார். ஷ்யாம் ஸ்டியரிங்கைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தார். அபிதகுஜாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேசுங்க," என்றாள்.

மணி அடித்தது.

"சொல்லுங்க சம்பந்தி!" தயாளனின் உற்சாகமான குரல்.

"தயாளன் சார்... ஒரு விஷயம். எனக்கு ஒரு பேரன் இருக்கான். கேஷவ். ஷ்யாமோட பையன். எட்டு வயசு." வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை. "பேச மாட்டான். சில சமயம் சத்தம் போடுவான். அன்னைக்கு நீங்க கேட்டது... மாடி வீட்டுப் பையன் இல்லை. நான் பொய் சொல்லிட்டேன்."

வைத்துவிடலாமா என்பதுபோல் சுப்ரமணியன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

நித்யஸ்ரீ கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் இருக்கு மாமா. அதையும் சொல்லுங்க."

அவர் போனை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோனார்.

"அவன் கல்யாணத்துக்கு வர்றான் சார். ரிசப்ஷன்லயும் இருப்பான். எங்களோட."