எடுக்கச் சொன்ன வார்த்தை

அந்த வீட்டில் முக்கியமான சங்கதி எதையும் யாரும் நேராகப் பேசியது கிடையாது. சாயங்காலம் காபி குடித்து முடித்ததும் மேஜைமேல் எழுத்துப் பலகை விரியும். ஆங்கில எழுத்துகள் பொறித்த சின்னக் கட்டைகளை அடுக்கி வார்த்தை கட்டுகிற விளையாட்டு. அவர் அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்த புரூஃப் பார்ப்பவர். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். இருவருமாக வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: வார்த்தை வைக்கிறவர் அதைக் கொண்டு ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். வாக்கியம் இல்லாவிட்டால் பாயிண்ட் இல்லை.

நாளடைவில் அந்த விதிதான் குடும்பம் நடத்தியது. மகள் வயிற்றில் இருக்கிறாள் என்பதை டீச்சர் 'கிரேடில்', அதாவது தொட்டில், வைத்துச் சொன்னாள். பழைய அச்சகத்தில் முதலாளியோடு மல்லுக்கு நின்று வேலையை விட்டுவிட்டு வந்ததை அவர் 'டோர்' வைத்துச் சொன்னார். டீச்சர் பாயிண்டைக் கூட்டி எழுதிவிட்டு, "சாத்திட்டு வந்தீங்களா, அவங்க சாத்துனாங்களா?" என்று மட்டும் கேட்டாள். மகளுக்கு வரன் பார்த்தது, பிறகு அந்த வரன் வேண்டாமென்று முடிவானது, எல்லாமே அந்தப் பலகைமேல் நடந்ததுதான். முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற ஜென்மங்கள் இரண்டு ஒரே கூரையின் கீழ் வாய்த்தால் வேறென்ன நடக்கும்?

போன வருஷம் ஒரு சாயங்காலம் அவர் படுதோல்வியில் இருந்தார். தோற்கும்போது மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த நேரம் பார்த்து டீச்சர் தன் கையிலிருந்த கட்டைகள் அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக, பலகையில் ஏற்கனவே இருந்த எழுத்தோடு சேர்த்து வைத்தாள். 'கம்பான்யா' என்று வந்தது. கட்டை முழுவதையும் தீர்த்தால் ஐம்பது பாயிண்ட் கூடுதல்.

வாக்கியத்தையும் சொன்னாள். வெளிச்சம் போவதற்குள் ஒரு வருஷமாவது நாம் கம்பான்யாவில் வாழ வேண்டும்.

"வாக்கியம் நல்லாத்தான் இருக்கு. வார்த்தை செல்லாது, எடுத்துடு."

"ஏன் செல்லாது?"

"அது இத்தாலிக்காரன் வார்த்தை டீச்சர். வெட்டவெளி, வயல்வெளின்னு அவன் ஊர்ல சொல்வான். இங்கிலீஷ்ல கன்ட்ரிசைட்."

"இங்கிலீஷ்லயும் எடுத்துக்கிட்டாங்க."

"எடுத்துக்கிட்டதெல்லாம் சொந்தமாயிடுமா? புரூஃப் பார்த்தே தலை நரைச்சவன் நான். எனக்குத் தெரியாத வார்த்தையா?"

அகராதி கைக்கெட்டும் தூரத்தில் அலமாரியில் இருந்தது. அதைப் புரட்டுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். டீச்சரும் எழுந்து எடுக்கவில்லை. கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்த வார்த்தையின் முதல் நாலெழுத்தை மட்டும் 'கேம்ப்' என்று வைத்தாள். இந்தக் கூடாரமே நமக்குப் போதும் என்று வாக்கியம் சொன்னாள். அதை அவர் ஏற்றுக்கொண்டார். அன்றைய ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்தார். ராத்திரி சாப்பாடு அவருக்கு ருசியாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்னதாகப் பொருள்கள் உடையத் தொடங்கின. பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவாள். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வாள். "கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்க?" என்று அவர் எரிந்து விழுவார். அவள் துடைப்பம் தேடிப் போவாள். அச்சகத்தில் ஒரு கமா தவறி நின்றால் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர்.

இந்த வருஷம் அச்சகத்துக்கு ஒரு பயணப் புத்தகம் வந்தது, இங்கிலீஷில். படித்துக்கொண்டே போனவரின் பேனா ஓரிடத்தில் நின்றது. கம்பான்யா. வழக்கம்போல் தப்பென்று வட்டம் போட்டார். ஆனால் எழுதியவர் பெரிய படிப்பாளி, ஆதாரமில்லாமல் வட்டம் போட முடியாது. வேறு வழியின்றி அச்சகத்துத் தடி அகராதியைத் திறந்தார். வார்த்தை இருந்தது. இத்தாலியிலிருந்து வந்தது, பரந்த சமவெளி, திறந்த நாட்டுப்புறம், ஆங்கில எழுத்தில் நெடுநாளாகப் புழங்குவது என்று விளக்கமும் இருந்தது.

பாயிண்டைத் திருப்பிக் கொடுக்கும் பெருந்தன்மையோடுதான் அன்று வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றும்போதே, "டீச்சர், உன் வார்த்தை செல்லும். ஐம்பதையும் சேர்த்து எழுதிக்கோ" என்றார்.

"எந்த வார்த்தை?"

"கம்பான்யா. வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லு, முறைப்படி ஏத்துக்கறேன்."

அவள் சொன்னாள், ஒரு சொல் மாறாமல். இந்த முறை வார்த்தையில் சந்தேகம் இல்லாததால் அவர் காதில் வாக்கியம் விழுந்தது.

"வெளிச்சம் போறதுக்குள்ளன்னா? எந்த வெளிச்சம்?"

டீச்சர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கண் டாக்டர் நான் அந்த வார்த்தை வச்ச வாரந்தான் சொன்னாரு. ஓரத்துல இருந்து பார்வை சுருங்கிக்கிட்டே வருதாம். போனது திரும்பாதாம், இருக்கறதை மருந்து போட்டு இழுத்துப் பிடிக்கலாமாம். என் சிநேகிதி அவ பொண்ணுகூட ஒரு வருஷம் இருக்கப் போறேன்னு, ஊருக்கு வெளிய இருக்கற வீட்டை எங்கிட்ட ஒப்படைக்கறேன்னா. முன்னால கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வெறும் வெளி. அகலமாப் பார்க்க முடியறப்பவே பார்த்துடலாம்னு ஆசைப்பட்டேன்."

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. எடுக்கச் சொன்னீங்க."

தம்ளர் உடைந்த நாட்கள் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்தன. பிடரி என்று தான் சொன்னதும் வந்தது. வெட்கத்தில் அவரால் தலை நிமிர முடியவில்லை. "அந்த வீடு இப்ப கேட்டா கிடைக்குமா?" என்றார்.

"வித்துட்டாங்க. வேற யாரோ இருக்காங்க."

மறுநாளே லீவு போட்டு அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனார். இன்னொருத்தர் வீட்டு வேலிக்கு வெளியே, சாலை ஓரமாக இருவரும் நின்றார்கள். எதிரே அறுவடை முடிந்த வெளி, வானம் தொடும் வரை ஒரு மேடு இல்லை, ஒரு சுவர் இல்லை. அவருக்கு ஒரே பார்வையில் அத்தனையும் கிடைத்தது. அது கிடைத்ததே அவருக்கு வலித்தது.

டீச்சர் தலையை இடது கோடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள், மறுபடி கொஞ்சம் திருப்பினாள்.

"தெரியுதா டீச்சர்?"

"தெரியுதுங்க. மொத்தமாத்தான் தெரியல." அவள் குரலில் குத்தல் ஏதும் இல்லை. "பரவால்ல. நீங்க புரூஃப் பார்க்கற மாதிரி, எழுத்து எழுத்தாப் பார்த்துக்கறேன்."