ஏழாம் குவியல்

இடித்த கட்டடங்களை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வான்மதிக்கு வேலை. சுகர் லேண்டிலிருந்து ஃப்ரீவேயில் நாற்பது நிமிடம் போனால் அந்த யார்டு வரும். பழைய கிடங்குகளையும் தொழிற்சாலைகளையும் உடைத்த கான்கிரீட்டை லாரிகள் கொண்டுவந்து கொட்டும். இயந்திரம் அதை அரைத்து ஜல்லியாக்கும். அதில் கெடுதலானது ஏதும் இல்லை என்று வான்மதி கையெழுத்துப் போட்டால்தான் ஜல்லி வெளியே போகலாம்.

ஈரோட்டில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா வந்து மேற்படிப்பை முடித்தவள். நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்தப் பக்கமே போகமாட்டாள். யாரோடும் பேசவேண்டாத வேலை என்பதால் மூன்று வருடமாக இதில் நிலைத்திருந்தாள். வேலையை வாங்கிக்கொடுத்தவர் யார்டின் மேலாளர் செல்வராஜ். பொள்ளாச்சிக்காரர். இங்கே இருக்கும் தமிழர்கள் எல்லாருக்கும் அங்கிள்.

செவ்வாய்க்கிழமை, யார்டு ஆட்கள் கொண்டுவந்த ஏழாம் குவியலின் மாதிரியில் இழைகளைப் பார்த்தாள். மெல்லிய, நெளிந்த இழைகள். தகட்டை மாற்றினாள். மூன்று தகடுகளிலும் இருந்தன. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு குவியலைக் கிளறியபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிறத் துண்டு கிடைத்தது. அலையலையாக வளைந்திருந்தது. ஊரில் வளர்ந்த எவருக்கும் அது என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

அதைப் பையில் மூடி செல்வராஜின் மேசைமேல் வைத்தாள்.

"ஆஸ்பெஸ்டாஸுங்க அங்கிள்."

அவர் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, கூரை சீட்டு! இதுக்கா மூஞ்சி வெளுத்துப்போய் நிக்கிற? அன்னிக்கு எடை மேடையில நான்தான் கண்ணு நின்னேன். டிரைவர் இது என்னன்னு கேட்டான். சிமென்ட் சீட்டுதான், கொட்டுன்னுட்டேன். எங்க வீட்டுக் கூரை, மாட்டுக் கொட்டாய், நான் படிச்ச ஸ்கூலு, எல்லாம் இதுதான். செத்தா போயிட்டேன்?"

"கூரையா இருந்தா பரவால்லீங்க. நாம அரைச்சுட்டோம். அந்தத் தூசு மூச்சுல போனா கேன்சருங்க."

சிரிப்பு நின்றது.

ஏழாம் குவியல் எண்ணூறு டன். தமிழ்ப் பள்ளியின் மைதானம் மழை பெய்தால் சேறாகிவிடும் என்பதால், அங்கே பரப்ப அதைக் கம்பெனி இலவசமாகத் தருவதாக ஏற்பாடு. பள்ளிக் குழுவின் தலைவரும் செல்வராஜ்தான்.

"ரிப்போர்ட்ல நீ எழுதினா என்னாகும் தெரியுமா? மொத்தத்தையும் விஷக் கழிவுன்னு புதைக்கணும். ஸ்டேட் ஆளுங்க வருவாங்க. ஓனர் மொதல்ல என்னைய அனுப்புவான். அடுத்தது யாரு? உன் கிரீன் கார்டு எந்த கம்பெனி அப்ளை பண்ணினது?"

வான்மதி கதவுவரை போனாள். அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நம்ம அதிதியும் அங்கதானுங்க விளையாடுவா."

அதிதி அவருடைய மகள். எட்டு வயது.

"நீ இப்ப எதுவும் எழுதாத. போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள், பள்ளிக்கு மூன்றாம் குவியல் போகிறது என்று சொன்னார்கள். அது சுத்தமானது. வான்மதியே பார்த்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். தன் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் எண்ணூறு டன்னை நிறுத்திவிட்டது என்று நம்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் மேசையில் புதிதாக ஒரு மாதிரிப் பை இருந்தது. ஏழாம் குவியல் என்று செல்வராஜின் கையெழுத்து. போகும் இடம், வசதியில்லாதவர்கள் தங்கும் டிரெய்லர் வீடுகள் நிற்கும் ஒரு குடியிருப்பின் உள்சாலை. பிரித்துப் பார்த்தாள். ஒரு இழைகூட இல்லை.

"அங்கிள், இது ஏழாம் குவியல்ல எடுத்ததுங்களா?"

"பையில என்ன எழுதியிருக்குது?"

"ஏழுன்னு."

"அப்ப ஏழுதான். குடுத்த மாதிரியில என்ன இருக்குதுன்னு சொல்றதுதான் உன் வேலை. உன் ரிப்போர்ட்லயே அப்படித்தான பிரிண்ட் பண்ணியிருக்குது?"

அப்படித்தான் இருந்தது. தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும் என்று ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் ஒரு வரி.

"செவ்வாய்க்கிழமை பாத்தது?"

"அதுக்கு ரிப்போர்ட் எழுதினியா?"

எழுதவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டாள்.

"அங்கயும் குழந்தைங்க..."

"நீ எம் பொண்ணைச் சொன்ன. நான் மாத்திட்டேன். இன்னும் என்ன கண்ணு வேணும் உனக்கு?"

அவள் சொன்னது அதைத்தான். ஆஸ்பெஸ்டாஸ் யாருக்கும் ஆகாது என்று சொல்லியிருக்கவேண்டிய இடத்தில், ஒரு பெயரைச் சொன்னாள். அவர் அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டார்.

தன் இடத்துக்கு வந்து அந்தக் குடியிருப்பை வரைபடத்தில் தேடினாள். நீளநீளமாக வெள்ளைக் கூரைகள். நடுவே மண்பாதை. ஒரு வாசலில் குழந்தைகள் குதிக்கும் நீல நிற டிராம்போலின். அடுத்து அரசின் புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். பெயர் தராமலும் புகார் செய்யலாம் என்று போட்டிருந்தது. ஆனால் ஏழாம் குவியலில் என்ன இருக்கிறதென்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அவள் பெயரைத் தனியாக வேறு எழுதவேண்டுமா?

பக்கத்தை மூடினாள். அறிக்கையை அடித்தாள். தரப்பட்ட மாதிரியில் இழைகள் இல்லை. பொய் என்று ஒரு வார்த்தையைக்கூட அதில் காட்டமுடியாது. கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் புது ஜல்லிமேல் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு ஓடினார்கள். செல்வராஜின் மனைவி கலாவதி கூட்டத்தைத் தாண்டி வந்து வான்மதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல வரவேண்டிய கல்லு சரியில்லைன்னு நீதான் சொன்னியாமா? அவரு வாய் ஓயாம உன்னையத்தான் சொல்றாரு. மைக்ல ரெண்டு வார்த்தை பேசேன்."

"வேண்டாங்க ஆன்ட்டி."

"ஊமைக்கொட்டான்! சரி, கேசரியாவது சாப்பிடு."

மணி பதினொன்று. யார்டில் லாரிகள் ஏழு மணிக்கே கிளம்பிவிடும். இந்நேரம் அந்தக் குடியிருப்பில் பாதிச் சாலைக்கு ஏழாம் குவியலைக் கொட்டியிருப்பார்கள்.

கலாவதி தட்டை நீட்டினார். வான்மதி வாங்கிக்கொண்டாள்.