உடைய மறுத்த பாலம்

ஒப்பந்த ஆசிரியையாக ஒன்பது வருடம் ஓட்டியாயிற்று. இந்த முறை பயிற்றுநர் பட்டியலில் இடம் கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால்தான் அந்த ஐந்து நாள் பயிற்சியில் அறிவியல் டீச்சர் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

நரைத்த தலைகளெல்லாம் தரையில் அமர்ந்து பழைய செய்தித்தாளில் பாலம் கட்டின. ஒவ்வொன்றாக உடைந்தபோது பயிற்சி கொடுத்தவர் கைதட்டினார். உடையட்டும், உடைந்தால்தான் பிள்ளைகள் யோசிப்பார்கள் என்றார். டீச்சர் அதை எழுதி அடிக்கோடு வேறு போட்டுக்கொண்டாள்.

பள்ளிக்குத் திரும்பியதும் கணக்கு வாத்தியார் பிடித்துக்கொண்டார். "நாங்க நாள் பூரா கத்தியே பசங்க தேறல. நீங்க பேப்பர் சுருட்டித் தேத்தப் போறீங்களாக்கும்?"

மாதிரி வகுப்பைப் பார்க்க வந்த மதிப்பீட்டாளர் தங்கமான மனுஷர். அவர் படிவத்தில் ஐந்து கட்டங்கள்: கேள், யோசி, கட்டு, சோதி, திருத்து. ஒரே குழுவை முதலிலிருந்து முடிவுவரை கவனிக்க வேண்டுமாம். நாற்காலியை ஜன்னலோரக் குழுவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அது டீச்சரின் மகள் இருந்த குழு.

பள்ளி கேட்டுக்கு உள்ளே 'டீச்சர்', வெளியே 'அம்மா' என்பது இருவருக்கும் ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட மகள் வாய் தவறியதில்லை.

குழுவுக்கு நான்கு தாள், ஒரு முழம் டேப். மூன்றாவது டம்ளர் மணலில் பாலம் சரிய வேண்டும் என்பது கணக்கு. மகளோ பையிலிருந்த ஒடிந்த குடைக்கம்பியில் வைத்துத் தாளை இறுக்கிச் சுருட்டி, முக்கோணம் முக்கோணமாகக் கோத்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலம். அதில் தொங்கியது வாளி. மூன்று டம்ளர் கொட்டினார்கள். ஐந்து, ஒன்பது. வாளி நிறைந்தது, மணலும் தீர்ந்தது. பாலம் அசையவில்லை. ஒரு நொடி டீச்சர் பெருமையோடு மகளைப் பார்த்தாள்.

மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பிரமாதம் மேடம். ஆனா அஞ்சாவது கட்டம்?"

"நின்னுடுச்சே சார்."

"நிக்கிறது சந்தோஷம்தான். உடையாம எதைத் திருத்துவாங்க? கட்டம் காலியா இருந்தா பட்டியல்ல சேர்க்க மாட்டாங்க. நடக்காததை நடந்ததா நான் எழுத முடியாது பாருங்க."

இன்னும் பத்து நிமிடம் இருந்தது. டீச்சர் சரிபார்ப்பவள்போல் குனிந்தாள். நடு முடிச்சில் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து. பாலம் மடங்கியது, வாளி விழுந்து மணல் தரையெங்கும் சிதறியது.

"அடடா, உடைஞ்சிடுச்சே! ஏன் உடைஞ்சுது? எல்லாரும் சேர்ந்து யோசிக்கலாமா?" பயிற்சியில் மனப்பாடம் செய்த வரி பிசகாமல் வந்தது.

குழுவில் இருந்த குண்டுப் பையன், "டீச்சர் கை பட்டுச்சு சார்" என்றான்.

மதிப்பீட்டாளர் நிமிர்ந்தார். மகள் டீச்சரின் கட்டைவிரலைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல சார். நாங்க நடுவுல சரியா ஒட்டல" என்றாள்.

அவர் ஐந்தாவது கட்டத்தில் டிக் அடித்தார். மிச்சமிருந்த நேரத்தில் மகள் நன்றாக இருந்த பாலத்தைத் திருத்தினாள்.

வாழ்த்துச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். பட்டியலில் இடம் உறுதி என்று தலைமையாசிரியை காதோடு சொன்னார். அடுத்த மாதம் முதல் நாற்பது ஆசிரியர்களுக்கு அவள் சொல்லித் தரப் போகிறாள்.

மாலையில் இருவரும் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். டீச்சர் மகளின் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். மகள் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பரவாயில்லை டீச்சர், நானே தூக்கிக்கிறேன்."